கடிக்காத தகடு

மழை விட்டு வறண்ட காற்று வீசத் தொடங்கிய வாரத்தில்தான் அவன் அவளைத் தொட ஆரம்பித்தான். அவன் என்றால் செத்துப்போன புருஷன். சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? முதலில் அவளே நம்பவில்லை. அடுப்படிக் கதவின் இரும்புக் கொண்டியில் கை வைத்தவளுக்கு விரல் நுனியில் சுள்ளென்று ஒரு கடி. கையை உதறிக்கொண்டு, எறும்பாக்கும் என்று குனிந்து பார்த்தாள். எறும்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மறுநாள் அலுமினியப் பானையை எடுக்கப் போனபோது அதே கடி. அதற்கும் மறுநாள், விடிவதற்கு முன்னால், போர்த்திப் படுத்திருந்த அவனுடைய ஸ்வெட்டரை எடுத்து உதறினாள். சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று சத்தம். இருட்டில் நீலநீலமாகப் பொடி வெளிச்சம். கையிலிருந்த முடியெல்லாம் எழுந்து நின்றது. வேறொருத்தியாக இருந்தால் வீட்டையே எழுப்பியிருப்பாள். இவள், "வந்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

விஷயம் தெரியாத பொம்பளை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவளுக்கு நன்றாகவே தெரியும். அவள் வேலை பார்ப்பதே வெடிமருந்து ஆலையில். கல்குவாரிக்காரர்களும் கிணறு வெட்டுகிறவர்களும் பாறைக்கு வைக்கிற வெடி அங்கேதான் தயாராகிறது. ஒட்டாமல் தள்ளித் தள்ளிக் கொட்டகைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆள் உயர மண்மேடு. ஒன்று போனாலும் அடுத்தது தப்பட்டுமே என்ற ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேஸ்திரி புது ஆட்களை நிற்க வைத்துப் பாடம் எடுத்தார்.

"நல்லா கேட்டுக்கங்க. காத்து காஞ்சிருந்தா உடம்புல கரண்டு ஏறும். நடந்தா ஏறும், உக்காந்து எந்திரிச்சா ஏறும். நைலான், பாலியஸ்டர் உரசுனா கேக்கவே வேணாம். வீட்டுல அது எறும்புக்கடி. ஊதிட்டுப் போயிடலாம். இங்க அந்தப் பொறி மருந்துல விழுந்துச்சுன்னா, ஊத வாய் இருக்காது. அதனால பருத்தித் துணிதான் போடணும். உள்ள போறதுக்கு முன்னாடி நிலையில இருக்கிற செப்புத் தகட்டத் தொடணும். உடம்புல இருக்கிறது அது வழியா மண்ணுக்குள்ள இறங்கிடும். தொடாம எவளாச்சும் உள்ள காலை வெச்சா, அன்னிக்கே சீட்டு கிழிச்சுடுவேன்."

எல்லாம் கேட்டாள், தலையையும் ஆட்டினாள். புத்திக்குத் தெரிவது வேறு. மனசு கேட்டால்தானே!

அந்தத் தகட்டுக்கும் அவள் புருஷனுக்கும் இருந்த உறவு ஆலை முழுக்கத் தெரியும். அவனுக்குப் பட்டப்பெயரே 'தொட்டாச்சா'. கடைசிக் கொட்டகையில் மருந்து எடுத்துவைக்கிற வேலை அவனுக்கு. வாசலில் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் "தொட்டாச்சா? தொட்டாச்சா?" என்று பிடுங்கி எடுப்பான். மேனேஜரே ஒருநாள் ஏதோ யோசனையில் உள்ளே நுழையப் போக, கையை மறித்து, "சார், தொட்டாச்சா?" என்றானாம். பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால்கூட நிலையைத் தொட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குள் வருவான். கல்யாணமான புதிதில், அறைக்குள் நுழையும் முன்னால் அவன் கதவு நிலையைத் தொட்டதைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் மாமியார் வெளியிலிருந்து இருமினாள். "சிரிக்காத. பழகிடுச்சு," என்றான். "நானும் மருந்தா?" என்று கேட்டாள். "அதைவிட மோசம்," என்றான்.

போன வருஷம் இதேபோல் காற்று காய்ந்த ஒரு காலையில் கடைசிக் கொட்டகை இல்லாமல் போனது. அவனும் இல்லாமல் போனான். மண்மேடு அடுத்த கொட்டகையைக் காப்பாற்றியது, சரி. அவனை யார் காப்பாற்றுவது? விசாரணை நடந்தது. மண்ணுக்குள்ளிருந்து தகட்டைத் தோண்டி எடுத்தார்கள். தகடு நெளிந்திருந்ததே தவிரப் புதுசுபோலப் பளபளவென்று இருந்தது. அதிலிருந்து மண்ணுக்குள் இறங்குகிற கம்பி அறுபடவில்லை. தகட்டில் குறையில்லை, கம்பியில் குறையில்லை, அப்படியென்றால் ஆள் தகட்டைத் தொடாமல் உள்ளே போயிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். தப்பு அவன் பேரில் என்றாலும் பெரிய மனசு பண்ணி, அவன் பெண்டாட்டிக்கு வேலை கொடுத்தார்கள்.

தெரு சும்மா இருக்குமா? "ஊரையே தொட்டாச்சான்னு கேட்டவன், தான் மட்டும் தொடாம போயிட்டான் பாரு!" என்று பேசிப்பேசி மாய்ந்தது. பேச்சு நாளாக நாளாகச் சிரிப்பாகிவிட்டது. அதுதான் மாமியாரைத் தின்றது. பிள்ளை போனதைக்கூட அவள் எப்படியோ தாங்கிவிட்டாள். பிள்ளை கேலிப்பொருளானதைத் தாங்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குள் போனவள்தான், வாசற்படியைத் தாண்டித் தெருவில் கால் வைக்கவில்லை.

"கடைக்குப் போனியா?" என்று அன்று சாயந்திரமும் கேட்டாள். பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"போனேன் அத்தை. ரொட்டி வாங்கியாந்தேன்."

"யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

"சொல்ல மாட்டாங்க. நேரா சொல்ற அளவுக்கு யாருக்கு நெஞ்சழுத்தம் இருக்கு? அந்த ரொட்டிக்காரன் ஜன்னல்ல என் தலையைப் பாத்தாலே பேச்ச நிறுத்திடறான். அப்படி என்ன பேசிட்டு இருந்தான்னு எனக்குத் தெரியாதா?"

"அவரு தொடாம போயிருக்க மாட்டாரு அத்தை."

"உனக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. பாத்தவங்க யாரு? அந்தத் தகடு வாயத் தொறந்து சொல்லுமா?" கல்லை எடுத்துச் சுவரோரம் எறிந்தாள். "நான் ஒண்ணும் பெருசா கேக்கல. ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து, ஆமாம்மா, உன் பெரியவன் தொட்டுட்டுத்தான் உள்ள போனான்னு சொன்னா போதும். அதுக்கப்புறம் நான் எப்ப போனாலும் சரி."

இவளுக்கும் அதே ஆசைதான். ஆனால் இவளுக்குள் இன்னொரு ரகசியமும் இருந்ததே! மாமியார் அழும்போதெல்லாம், அவர் இங்கேதான் இருக்கிறார் அத்தை, கொண்டியில் கை வைத்துப் பாருங்கள் என்று சொல்லத் துடிப்பாள். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்வாள்.

சின்னவன் இருட்டுகிற நேரத்தில் வந்தான். மாமியாருக்கு மிச்சமிருக்கிற ஒரே பிள்ளை. பெயிண்டர். அவன் வருவதற்கு முன்னால் தின்னர் வாடை வந்துவிடும். அண்ணன் போனதிலிருந்து அவனுடைய வாய் பாதி அடைத்துவிட்டது. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. தட்டில் போட்டதைத் தின்பான், எழுந்துபோய் படுப்பான்.

"நாளைக்கு வெள்ளென போகணுமா தம்பி?"

"இல்ல அண்ணி. மத்தியானம் போனா போதும். ஒரு மருந்துக் கிடங்கு. இன்ஸ்பெக்டர் வர்றாராம், அதுக்குள்ள அடிச்சுத் தரணும்."

"தகடும் நீதானா?"

அதைக் கேட்டால் மட்டும் அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வரும். "அது இல்லாமயா? முதல் வேலையே அதான். களிம்பு எடுத்து, தேய்ச்சு, கண்ணாடியாட்டம் பண்ணிடுவேன். நம்ம ஆலைல பாத்துட்டுத்தான் எல்லாரும் கூப்பிடறாங்க. அண்ணன் ஆசப்பட்டு ஆரம்பிச்சது." ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். "அண்ணன் பேரு அதுலயாச்சும் இருக்கட்டும்."

கேட்டவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வீட்டில் அவனை நினைத்து நல்லதாக ஒன்றைச் செய்கிறவன் இவன் ஒருத்தனாவது இருக்கிறானே என்று இன்னொரு ரொட்டியை எடுத்து அவன் தட்டில் போட்டாள்.

மறுநாள் காலையில்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

அந்த ஸ்வெட்டர் நைலான் நூலில் பின்னியது. நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கினான். வீட்டில் இருக்கும்போது போட்டுக்கொள்வானே தவிர, ஆலைக்குக் கிளம்பும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போவான். ஒருநாள்கூடத் தவறியதில்லை. அந்த ஸ்வெட்டரை அவள் அன்றைக்குத் தலைவழியாக மாட்டிக்கொண்டு, மேலே ஆலையில் கொடுத்த பருத்திக் கோட்டைப் போட்டுப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினாள். குளிர்கிறது, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பொய். நிஜம் வேறே.

அவன் ஆசையாகத் தொட்ட இடத்தில் அவனைத் தொட வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது. கொண்டியில் வருகிறான், பானையில் வருகிறான், தகட்டில் வராமலா போவான்? அவனே எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்: "காஞ்ச நாள்ல தகடு சுள்ளுன்னு கடிக்கும். கடிச்சா எனக்கு சந்தோஷம். இறங்கிடுச்சு, இனி பயமில்லன்னு அர்த்தம்." மழைக்காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். இதுவரை தகடு அவளைக் கடித்ததில்லை. ஈரத்தில் எதுவும் கடிக்காது, அது அவளுக்குத் தெரியும். இப்போதுதான் காய்ந்துவிட்டதே. தப்பு என்று தெரிந்தேதான் நடந்தாள்.

அவள் வேலை பார்க்கிற கொட்டகை வாசலில் சின்ன முன்னறை. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு ஆலையின் ரப்பர் ஷூவை மாட்ட வேண்டும். முன்னெல்லாம் ஈரத் தரையில் வெறுங்காலோடு வேலை செய்தார்களாம். காலில் மண் ஒட்டி வருகிறது, மருந்தில் கல் கலக்கிறது என்று போன வருஷம் இந்தத் தடித்த ஷூவைக் கொடுத்தார்கள். ஷூ ஈரத்தில் வழுக்குகிறது என்று தரை நனைப்பதையும் நிறுத்தினார்கள். உள்ளே கண்ணாடிக்காரியும் இன்னும் ரெண்டு பெண்களும் மருந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். தடிமனான கண்ணாடி போட்டதால் அவள் கண்ணாடிக்காரி. வாய் மட்டும் ஓயாது.

"வாடியம்மா மகாராணி! சூரியன் உச்சிக்கு வந்தாச்சு, இப்பத்தான் எந்திரிச்சியா?"

"பஸ்ஸு லேட்டு அக்கா."

நிலையில் தகடு தங்கம்போல மின்னியது. அவள் உள்ளங்கையை அதில் முழுசாகப் பதித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் இல்லை.

விரலை எடுத்து மறுபடி வைத்தாள். சும்மா வழவழவென்று குளிர்ந்திருந்தது. அவ்வளவுதான். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இங்கே வரமாட்டேன் என்கிறானே, இந்த இடத்தின்மேல் அவனுக்கு அத்தனை கோபமா என்று நினைத்துக்கொண்டே உள்ளே போய், வாசலை ஒட்டிக் கை கழுவுகிற பித்தளைக் குழாயைத் திருகக் கையை நீட்டினாள்.

டிக்.

சத்தமே கேட்டது. விரல் நுனியில் சுள்ளென்று ஏறியது, முழங்கைவரை. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்! இதோ இருக்கிறார், இங்கேதான் இருக்கிறார்! அடுத்த நொடியில்தான் உறைத்தது. குழாய் கடித்தது என்றால் அவள் உடம்பில் கரண்டு இருந்தது. இப்போதுதானே தகட்டைத் தொட்டாள்? தொட்டால் இறங்கியிருக்க வேண்டாமா? இறங்காததை உடம்பில் வைத்துக்கொண்டா உள்ளே வந்தாள்? எட்டிப் பிடிக்கிற தூரத்தில் மரத் தட்டுகளில் மருந்து மாவு மாதிரி குவிந்து கிடந்தது. கண்ணாடிக்காரி சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் புருஷன் சொன்ன ஒரு பேச்சு அவளுக்குக் காதில் விழுந்தது. சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே சிரித்தபடி சொன்னான்: "இப்பல்லாம் தகடு என்னைக் கடிக்கறதே இல்ல. சொந்தக்காரனா ஆக்கிக்கிச்சு போல."

அவன் தொட்டிருக்கிறான். தினமும் தொட்டிருக்கிறான். கடைசி நாளும் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறான்.

குழாயைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை. எடுத்தால், ஓர் அடி எடுத்து வைத்தால், இந்தப் பாழாய்ப்போன நைலான் மறுபடி ஏற்றிவிடும். மற்றக் கையால் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு தரையில் கொட்டியது.

"அடியே, என்னடி பண்றே? மருந்து நனைஞ்சுடும்டி!" கண்ணாடிக்காரி பதறி எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காதீங்க அக்கா! உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், யாரும் எந்திரிக்காதீங்க. சல்லடைய மெல்லமா அப்படியே வெச்சுடுங்க."

"உனக்கு என்ன, புத்தி கித்தி பேதலிச்சுப் போச்சா?"

"தகடு செத்துப்போச்சு அக்கா."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, கண்ணாடிக்காரி சல்லடையை மெல்லக் கீழே வைத்தாள். ஆலையில் இருக்கிறவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். தண்ணீர் தரையெல்லாம் பரவி அவர்கள் காலடிக்கு வருகிறவரை மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவள் சொல்லச் சொல்ல, உட்கார்ந்தபடியே ஷூவைக் கழற்றி, உடம்பில் இருப்பது இறங்கட்டும் என்று வெறுங்காலைத் தண்ணீரில் ஊன்றி, ஒவ்வொருத்தியாக வெளியே போனார்கள். கடைசியாக அவள் தலையோடு தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு, கோட்டும் ஸ்வெட்டரும் சொட்டச் சொட்ட வெளியே வந்தாள்.

மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் வந்ததும் கோட்டுக் கழுத்தில் எட்டிப்பார்த்த நூலைக் கண்ணாடிக்காரி பிடித்து இழுத்தாள். "இது என்னது?"

"அவரோட ஸ்வெட்டரு."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குடி பாவி!" என்று கத்தினாள். கத்திவிட்டு, அடித்த கையாலேயே அவளை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். வாங்கிய அறை அவளுக்கு வலிக்கவில்லை. இன்னும் நாலு வாங்கியிருந்தாலும் தகும் என்றுதான் நின்றாள்.

மேஸ்திரி லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். நனைந்த மருந்தைப் பற்றிக் கத்த வந்தவர், அவள் சொன்னதைக் கேட்டதும் வாசலுக்குப் போய்த் தகட்டைத் தடவினார். "நல்லாத்தானே இருக்கு? மின்னுதே!"

"அதான் மேஸ்திரி. மின்னுதே."

தலையிலிருந்த ஊசியை உருவித் தகட்டின் ஓரத்தில் சுரண்டினாள். வெங்காயச் சருகுபோல ஒரு தோல் சுருண்டு வந்தது. கண்ணாடிபோலத் தெளிவான தோல். அதற்கு அடியில்தான் நிஜமான செம்பு இருந்தது. வார்னிஷ். தகடு களிம்பு ஏறாமல் மின்ன வேண்டும் என்று அழகாக, ஒரு சொட்டு வழியாமல் அடித்த வார்னிஷ்.

மேஸ்திரி அந்தச் சருகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே மண்ணில் குந்திவிட்டார். "நான்தாம்மா எழுதிக் குடுத்தேன்," என்றார். "தகட்டுல குறையில்லன்னு. மண்ணுலேர்ந்து எடுத்தப்பகூட பளபளன்னு இருந்துச்சேம்மா. நான் என்னத்தக் கண்டேன்? இன்ஸ்பெக்டர் வந்தப்போ, எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்கன்னு பாராட்டிட்டுப் போனாரு. நானும் பல்லைக் காட்டிட்டு நின்னேன்."

சங்கு ஊதினார்கள். எல்லாக் கொட்டகையிலும் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே கொண்டுவந்தார்கள். ஸ்வெட்டர் விஷயத்தை அவளே அவரிடம் சொன்னாள். "நாளையிலேருந்து நீ வர வேணாம்மா," என்றார். சரி என்றாள். அதற்குப் பிறகும் அவர் நகரவில்லை. சொல்ல வந்த வேறொன்றை வாயிலேயே வைத்து மென்றார்.

"உன் கொழுந்தன் நம்ம ஆலையோட நிக்கலியே. எங்கெங்கயோ கூப்பிட்டாங்கன்னு சொன்னியே. காத்து வேற இப்படிக் காயுது. எங்கெல்லாம் அடிச்சான்னு அவனத் தவிர யாருக்கும் தெரியாது. யாரு கேக்கறது?"

"நான் கேக்கறேன்."

அவர் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ஈரத் துணியில் காற்று அடித்துப் பல் கிட்டியது. வழியெல்லாம் மனசு ரெண்டுபட்டுக் கிடந்தது. மாமியாருக்கு அவள் கேட்டது கிடைத்துவிட்டது, கையோடு கொண்டுபோகிறாள். அதைக் கொடுக்க வேண்டுமென்றால் சின்னவனிடம் என்ன சொல்வது? அண்ணனுக்காக என்று வாழ்கிற பையன்! அவனிடம் போய், உன் கையால்தான் என்று எப்படிச் சொல்வது? அதோடு இன்னொன்றும் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. கொண்டியில் வந்தது, பானையில் வந்தது எல்லாம் அவன் இல்லை. வெறும் காய்ந்த காற்று, வெறும் நைலான். அவன் போய்விட்டான். இப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே புருஷன் செத்தான். வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டே அழுதாள். மேஸ்திரி திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

அவர் தெருமுனையில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். இவள் வீட்டுக்குள் போனாள். மாமியார் அடுப்படியில் இருந்தாள். சின்னவன் கொல்லைப்பக்கம் குந்தி, மண்ணெண்ணெய் டப்பாவில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, நனைஞ்சு வர்றீங்க? மழையா பெய்யுது?"

"தம்பி, நீ தகட்டுக்கு வார்னிஷ் அடிச்சது எங்கெங்க? ஒண்ணு விடாம சொல்லு."

அவன் முகம் மலர்ந்தது. "யாராச்சும் விசாரிச்சாங்களா? புது வேலையா?"

"முதல்ல சொல்லு."

பிரஷ்ஷை வைத்துவிட்டு, பெருமையோடு விரல் மடக்கினான். "நம்ம ஆலை. ஆத்துக்கு அந்தப் பக்கம் திரி பண்றாங்கல்ல, அது. பெரிய ரோட்டு மேல இருக்கிற கிடங்கு. அப்புறம் குவாரிக்காரங்க மருந்து வெக்கிற ரூம்பு, அதுல ரெண்டு கதவுலயும். இன்னிக்குப் போறது புதுசு, அதுல இன்னும் கைவெக்கல." யோசித்துப் பார்த்தான். "அவ்வளவுதான். நம்ம ஆலைல அண்ணன் சொன்னது அவரு ஷெட்டுத் தகட்டுக்கு மட்டும்தான். டப்பால மிச்சம் இருந்துச்சு, வீணாகுதேன்னு எல்லாத்துக்கும் அடிச்சேன். அண்ணனுக்கு வாயெல்லாம் பல்லு."

அவள் தெருமுனைக்கு ஓடிப்போய் அத்தனையையும் ஒப்பித்தாள். மேஸ்திரி அங்கேயே நின்று ஒவ்வோர் இடத்துக்கும் போன் போட்டார். "ஆளை வெளிய எடுங்க, முதல்ல ஆளை வெளிய எடுங்க," என்று அவர் கத்தியது பாதித் தெருவுக்குக் கேட்டது. கடைசி இடத்திலும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

இதோடு விட்டிருக்கலாம். ஆலையில் சட்டம் மாறிவிட்டது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம். அடுத்த வாரம் அவன் இன்னொரு டப்பா வாங்குவானே! அடுப்படியில் அந்தக் கிழவி கல் பொறுக்கிக்கொண்டே செத்துப்போவாளே! அவள் திரும்பி வந்து சின்னவனுக்கு எதிரில் குந்தினாள்.

"இனிமே எந்தத் தகட்டுக்கும் அடிக்காத தம்பி."

"ஏன் அண்ணி, மங்கிப்போச்சா?"

"இல்ல. தோலாட்டம் மேல நின்னுக்குது. தொட்டா கரண்டு இறங்க மாட்டேங்குது."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போகவில்லை. போகத் தெரியாமல் அங்கேயே நின்றது. தன் கையைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான்.

"அண்ணன் அன்னிக்குத் தொட்டாரா?"

தெரியாது என்று சொல்ல ஒரு வாய்ப்பு இருந்தது. அவள் சொல்லவில்லை.

"தொட்டாரு தம்பி."

அடுப்படியில் பாத்திரம் உருண்டது. மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்ன சொன்னே? இன்னொருதரம் சொல்லு."

"தொட்டாரு அத்தை. தொட்டுட்டுத்தான் உள்ள போனாரு. மேஸ்திரியே ஒத்துக்கிட்டாரு."

கிழவி அவளை அள்ளி முகமெல்லாம் முத்தம் கொடுத்தாள். "தொட்டானா! என் ராசா தொட்டானா! நான் சொல்லல? நான் அப்பவே சொல்லல?" வேறு எதையும் அவள் கேட்கவில்லை, கேட்கிற நிலையிலும் இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். ஒரு வருஷமாக இறங்காத தெரு. "கேட்டீங்களா எல்லாரும்! என் புள்ள தொட்டுட்டுத்தான் போனானாம்! மேஸ்திரி வாயாலயே சொல்லிட்டாராம்! யோவ் ரொட்டிக்காரரே, உங்களத்தான், கேட்டீங்களா?"

கொல்லையில் சின்னவன் கையை மண்ணெண்ணெயில் முக்கி முக்கித் தேய்த்துக்கொண்டிருந்தான். கையில் ஒன்றுமே இல்லை.

"உனக்குத் தெரியாதுப்பா," என்றாள். "அவருதான் அடிக்கச் சொன்னாரு. அவருக்கும் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியல, இன்ஸ்பெக்டருக்குத் தெரியல. நீ என்ன பண்ணுவே?"

"அடிச்சது நான்தானே அண்ணி."

டப்பாவிலிருந்து அவன் கையை வெளியே எடுத்துத் தன் ஈரக் கோட்டில் துடைத்தாள். துடைத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது தெரிந்தது. யாரோ கிழவிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். யாரோ, பாவம், நல்ல பையன் என்றார்கள். ரொட்டிக்காரன் குரல் தனியாகக் கேட்டது. அவன் குத்தலாகக் கேட்கவில்லை, யாருக்கும் தோன்றுகிற மாதிரிதான் கேட்டான். "ரொம்ப சந்தோஷம்மா. ஆனா தொட்டாருன்னா, அப்புறம் எப்படி வெடிச்சுச்சு?"

மாமியாரின் காலடி வீட்டுக்குள் திரும்பி வந்தது. கொல்லைக் கதவில் வந்து நின்றாள். அழுது சிவந்த முகம் முழுக்கச் சிரிப்பு. இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாகிவிட்டது!

"ஏம்மா, அந்த ரொட்டிக்காரன் கேக்கறான். நியாயமாத்தான் கேக்கறான். தொட்டான்னா பின்ன எப்படி ஆச்சு?"

கம்பி அறுந்துபோயிருந்தது அத்தை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சின்னவன் அவள் பிடியிலிருந்து கையை மெல்ல உருவிக்கொண்டு எழுந்தான்.

"நீங்க இருங்க அண்ணி," என்றான். "அம்மா, வாசக் கதவைச் சாத்திட்டு வந்து இப்படி உக்காரு. நான் சொல்றேன்."

கிழவி சிரித்த முகத்தோடேயே திரும்பிப் போய்க் கதவைச் சாத்தினாள்.